முதலில் மெக்கானிக், அப்புறம் மெஷின்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தையல் மெஷின் 20 வருஷமாக நிற்கிறது. முதலில் அதன் மேல் டிவி இருந்தது. டிவி சுவரேறிய பிறகு இஸ்திரிக்குப் போக வேண்டிய துணிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அம்மா அதை மெஷின் என்று சொல்வதையே விட்டுவிட்டார். "அந்த மேஜை மேல வை" என்கிறார்.

வாங்கும்போது அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு குடும்பம் மலிவாகக் கொடுத்தது. ஜிக்ஜாக், காஜா, பூவேலை எல்லாம் வரும் என்றார்கள்; வந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு நாள் உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம். நைலான் பல்சக்கரம் காய்ந்து வெடித்துவிட்டது. அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றுக்கு அது குலவியாதி என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. உள்ளூர் மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தார். கழற்றிய மாதிரியே மூடினார். "இதை நான் தொட மாட்டேம்மா. சாமான் கிடைக்காது."

போன ஆவணியில் அக்கா, "ஒரு பழைய மெஷின் வாங்கித் தாடா" என்றபோது எனக்கு அந்தக் 'கடக்' ஞாபகம் வந்தது.

அக்கா இருப்பது அவிநாசியில். வீட்டோடு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். மாப்பிள்ளை வீட்டு உறவில் யாரோ கொடுத்திருந்த மெஷினை அவர்கள் திரும்பக் கேட்டுவிட்டார்கள். கையில் 12,000 ரூபாய். புது மெஷினே வாங்கலாம்தான். ஆனால் அவளுக்கு ஓவர்லாக்கும் ஒன்று வேண்டும்; இரண்டையும் அந்தப் பணத்துக்குள் முடிக்கப் பார்த்தாள். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பழைய மெஷின் கிடைக்காதா என்ன?

கிடைப்பதில் குறையே இல்லை. ஒரு பனியன் யூனிட் மூடினால் அதன் மெஷின்கள் லாட்டாகக் கைமாறி, துடைத்து, பெயின்ட் அடித்து, ரோட்டோரக் கடைகளில் வரிசையாக நிற்கும். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் அக்காவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போனோம். அறுபதைத் தாண்டிய மனிதர். கம்பெனி மெஷின், வீட்டு மெஷின் என்று 40 வருஷம் பார்த்தவர்.

"எந்த மெஷின் வாங்கலாங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எந்த ஊருங்க தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

"மெஷின் அக்காவுக்குங்க. அவிநாசி."

"அப்பச் செரி. வண்டியெடுத்தா அரை மணி நேரம், எதை வாங்குனாலும் வந்து பாத்துப்போடுவேன். கூடலூருன்னு சொல்லியிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேனுங்க."

பிறகு அவர் இரண்டு மணி நேரம் பேசியதெல்லாம் இந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடும். உங்கள் ஊரில் யார் எந்த மெஷினைப் பார்ப்பார், உங்கள் ஊர்க் கடையில் எதற்கு உதிரிபாகம் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு, அதற்குத் தகுந்த மெஷினைத் தேட வேண்டும். நாம் செய்வது தலைகீழ். மெஷினை வாங்கி வந்து இறக்கிவிட்டு, அது நின்ற அன்றைக்குத்தான் ஆள் தேடுகிறோம்.

50 டாலர் கொடுத்து உடைத்த கதை

பழைய மெஷினுக்கு இருக்கும் மவுசு தையல் மெஷினுக்குச் சமமான வயதுடையது. ஐசக் மெரிட் சிங்கர் காப்புரிமை வாங்கியது 1851இல். மெஷின் விலை ஒரு சாதாரணக் குடும்பம் மொத்தமாகக் கொடுக்கக்கூடியதாக இல்லை. சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856இல் தவணை முறையைக் கொண்டுவந்தார். அதோடு, பழைய மெஷினைக் கொண்டுவந்தால் புதியதில் 50 டாலர் கழிவு என்றும் அறிவித்தார்கள். அப்படி வந்து குவிந்த பழைய மெஷின்களை என்ன செய்தார்கள்? உடைத்துப் போட்டார்கள். விட்டால் அவை மறுபடி சந்தைக்கு வந்து புதிய மெஷினோடு போட்டி போடுமே! இரும்பில் ஒழுங்காகச் செய்த மெஷின் லேசில் சாகாது என்று அதைச் செய்தவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நம் வீடுகளில் பார்த்த கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானவை சிங்கரின் 15ஆம் வகுப்பு மாதிரியை ஒட்டி வந்தவை. 1930களில் கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தயாரித்த உஷா, பின்னாளில் லூதியானாவிலிருந்து வந்து இறங்கிய பல பெயர்கள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பெயர்ப்பலகை மாறினாலும் பாபின், பாபின் கேஸ், ஊசி பெரும்பாலும் ஒன்றே. தாலுகா தலைநகரில் ஃபேன்ஸி ஸ்டோர்காரர்கூட அந்த பாபினை வைத்திருப்பார். பழைய மெஷின் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய கேரண்டி கிடையாது.

சொல்லிவிட வேண்டிய இன்னொரு விஷயம்: பழைய சிங்கர் என்றால் லட்சக்கணக்கில் போகும் என்று யாராவது காதில் ஓதினால் நம்பாதீர்கள். 2009இல் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி கிளம்பியது. பழைய சிங்கர் மெஷினுக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருக்கிறது, ஊசியருகே செல்போனைக் கொண்டுபோனால் சிக்னல் போய்விடும் என்றார்கள். மெஷின்களின் விலை கண்டபடி ஏறியது. உள்ளே பாதரசமும் இல்லை, பல்லியும் இல்லை. நம்மூரில் ரைஸ் புல்லிங் கலசம் விற்றவர்களுக்கு அண்ணன்மார் அங்கேயும் இருந்திருக்கிறார்கள். பழைய சிங்கரின் சீரியல் நம்பரை வைத்து அது எந்தத் தொழிற்சாலையில், எந்த வருஷம் செய்தது என்று கண்டுபிடிக்கலாம்; 1980இல் மூடப்பட்ட ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்த மெஷின் உங்கள் பாட்டியிடம் இருக்கலாம். பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள். அதில் தைக்கலாம். அவ்வளவுதான்.

ஜூக்கி ஆசை

அக்காவுக்கு உள்ளூர ஆசை பவர் மெஷின் மீது. இந்தப் பக்கம் எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் பேச்சுக்கு 'ஜூக்கி'தான். அசல் ஜூக்கியின் டிடிஎல் 8700 நிமிஷத்துக்கு 5,500 தையல் வரை போகக்கூடியது. பிளவுஸ் தைக்கிறவருக்கு அந்த வேகம் எதற்கு என்று மெக்கானிக் கேட்டார். "கழுத்து வளைவுல அந்த ஸ்பீடு போனீங்கன்னா, துணி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்."

வேகம் இருக்கட்டும், வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் வேறு. கம்பெனியிலிருந்து வரும் பழைய மெஷினில் சில சமயம் மூன்று ஃபேஸ் மோட்டார் இருக்கும். வீட்டில் இருப்பது ஒரு ஃபேஸ். அதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் இறக்கி பிளக்கைத் தேடும்போதுதான் தெரியும். ஒரு ஃபேஸ் மோட்டாரே என்றாலும் அது பழைய கிளட்ச் மோட்டாரா, சர்வோ மோட்டாரா என்று பார்க்க வேண்டும். கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து அணைக்கும் வரை 'ம்ம்ம்' என்று சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் காஜா பட்டி மடித்துக்கொண்டிருந்தாலும் மீட்டர் ஓடும். சர்வோ, காலை அழுத்தினால் மட்டும் சுற்றும். மெஷின் நன்றாக இருந்து மோட்டார் மட்டும் பழையதென்றால் மோட்டாரை மாற்றிக்கொள்ளலாம். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

அதைவிட முக்கியம் எண்ணெய். இந்த மெஷின்களுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி உண்டு. பம்ப் மேலே ஏற்றும். தலையில் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். மெஷின் ஓடும்போது அதில் எண்ணெய் தெறிப்பது தெரிய வேண்டும். தெறிக்காவிட்டால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் கிளம்பிவிடலாம். எண்ணெய் ஏறாமல் ஓடிய மெஷினுக்குள் தேய்மானம் எவ்வளவு என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

தானாக நூல் வெட்டும், தானாகக் கால் தூக்கும் மெஷின்களும் இப்போது பழசாக வருகின்றன. அவற்றின் கன்ட்ரோல் பாக்ஸில் போர்டு போய்விட்டால் செலவு எங்கே நிற்கும் என்று தெரியாது. போர்டு பார்க்கிற ஆள் பக்கத்தில் இல்லாதவர்கள் அதன் அருகில்கூடப் போக வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டு ஜிக்ஜாக் மெஷினுக்கும் இதையேதான் சொல்வேன். கூடத்தில் நிற்கும் மேஜை சாட்சி.

சிவப்பு நூல், வெள்ளை நூல்

கடைசியில் மெஷின் கிடைத்தது கடையில் அல்ல. அவிநாசியிலேயே, கண்புரை முற்றி, கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் வீட்டில். இரும்பு ஸ்டாண்டு, தோல் பெல்ட், கறுப்புத் தலை. 5,500 சொன்னார்.

மெக்கானிக் வரும்வரை அக்காவே சோதிக்க ஆரம்பித்தாள். அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடி பையில் கொண்டுபோன பொருள்கள் நான்கு: ஒரு புது ஊசி, வாயில் துணித் துண்டு, பழைய ஜீன்ஸின் கால்மடிப்பு, சிவப்பிலும் வெள்ளையிலும் இரண்டு நூல்கண்டுகள். வாங்கப் போகிற இடத்தில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஊசியில் சோதிக்கவே கூடாதாம். மழுங்கிய ஊசி நல்ல மெஷினையும் கெட்டதாகக் காட்டும்.

மேலே சிவப்பு, அடியில் வெள்ளை கோத்தாள். வாயிலில் ஒரு முழம் ஓட்டித் துணியைத் திருப்பிப் பார்த்தாள். மேல்பக்கம் சிவப்பு மட்டும், அடிப்பக்கம் வெள்ளை மட்டும் தெரிந்தால் இரண்டு நூலும் துணிக்கு நடுவில் பின்னிக்கொள்கின்றன என்று அர்த்தம். அடியில் சிவப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. "மேல் டென்ஷன் லூசு, அவ்ளோதான்" என்று அக்காவே திருகைக் கால் சுற்று முறுக்கினாள். புள்ளி மறைந்தது. டென்ஷன் கோளாறு கோளாறே அல்ல. ஆனால் விலை பேசும்போது முகத்தில் அந்தத் தெளிவைக் காட்டக் கூடாது. அதை அவள் நன்றாகச் செய்தாள்.

ஜீன்ஸ் மடிப்பில்தான் சிக்கல். தடித்த இடம் வந்ததும் இரண்டு தையல் விட்டு விட்டு விழுந்தது. அந்த நேரத்துக்கு மெக்கானிக் வந்து சேர்ந்தார். ஊசித்தட்டைக் கழற்றிவிட்டு, மெஷினைச் சாய்த்து, கைச்சக்கரத்தை என்னைச் சுற்றச் சொன்னார். "மெதுவா, மெதுவாங்க தம்பி."

ஊசி அடிவரை போனது. திரும்பி மேலேற ஆரம்பித்து ஒரு 2 மில்லிமீட்டர் வந்ததும், ஊசியின் பின்பக்கம் நூல் சின்னதாகப் புடைத்து ஒரு வளையம் கட்டியது. கொசு நுழையும் அளவுக்குக்கூட இல்லாத வளையம். அதே நொடியில் ஷட்டிலின் மூக்கு சுற்றி வந்து, அந்த வளையத்துக்குள் நுழைந்து, நூலை இழுத்துக்கொண்டு போனது. ஒரு தையல் என்பது இவ்வளவுதான். கம்பெனி மெஷினில் ஊசிக்கும் அந்த மூக்குக்கும் நடுவே விடும் இடைவெளி 0.04 முதல் 0.1 மில்லிமீட்டர்வரைதான். வீட்டு மெஷின் அவ்வளவு கறார் இல்லை. ஆனாலும் மூக்கு தேய்ந்தாலோ, நேரம் தவறி வந்தாலோ வளையத்தைப் பிடிக்காது, தையல் விடும். மெக்கானிக் மூக்கின் நுனியை நகத்தால் வருடிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். மொட்டையாக இருந்தது.

"ஷட்டில் மாத்தோணுங்க. பெருசா ஒண்ணும் ஆகாது."

பிறகு ஊசிக் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார், ஆடவில்லை. துணியைத் தள்ளும் பல்லை விரலால் அழுத்தினார், கூர் இருந்தது. பல்லுக்கு அடியில் சேர்ந்திருந்த பஞ்சை ஊசியால் கிளப்பி எடுத்தார். பிஸ்கட் மாதிரி ஒரே வில்லையாக வந்தது. மேலே மெரூன், அதற்கடியில் பள்ளிச் சீருடை நீலம், அடியில் ஏதோ ஒரு தீபாவளியின் மஞ்சள். பெரியவர் அதைக் கையில் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். போடவில்லை.

விலையை முடிவு செய்தது இதெல்லாம் இல்லை. டிராயரை இழுத்துப் பார்த்த அக்கா என்னைக் கூப்பிட்டாள். டிராயரின் உள்பக்கப் பலகையில் பென்சிலால் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை: 'ஆயில்', 'பெல்ட்', 'கேஸ்', 'புல் சர்வீஸ்'. 1991இல் ஆரம்பித்து வரிசையாக இறங்கி வந்தது. நடுவில் எந்த வருஷமும் விடுபடவில்லை. கடைசி மூன்று வருஷம் மட்டும் காலி. கண் மங்கிய வருஷங்கள்.

அக்கா பேரம் பேசவே இல்லை. பெரியவராகவே 300 ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

வாங்கிய பிறகு

அக்காவின் கணக்கு நோட்டில் அந்த வாரம் எழுதியது இது: மெஷின் 5,200. குட்டியானை வாடகை 400. புது ஷட்டில், பாபின் கேஸ், பெல்ட், முழு சர்வீஸ் கூலி எல்லாம் சேர்த்து 1,350. அதாவது, விலையில் கால் பங்குக்கு மேல் வாங்கிய வாரமே போனது. இதை நான் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். மெஷின் விலை என்று எதைச் சொன்னாலும் அதோடு கால் பங்கைச் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. கைக்காசு மொத்தத்தையும் மெஷினிலேயே போட்டுவிட்டு, சர்வீஸுக்குக் கடன் வாங்குகிறவர்கள்தான் பாதி வழியில் நிறுத்திவிடுகிறார்கள்.

அரசுத் திட்டங்களிலும் இதே ஓட்டையைப் பார்க்கிறேன். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் விதவைகளுக்கும், கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும், நலிவடைந்த பெண்களுக்கும் இலவசத் தையல் மெஷின் தருகிறார்கள். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் தையல்காரர்களுக்கும் கருவி வாங்க 15,000 ரூபாய்வரை உண்டு, பயிற்சியும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால், மெஷின் வீட்டுக்கு வருகிறது, மெக்கானிக் வருவதில்லை. மேல்நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு வாரம் போராடிவிட்டு மூலையில் தள்ளிய மெஷின்களில் பலவற்றுக்கு வேண்டியது ஒரு புது ஊசியும் நான்கு சொட்டு எண்ணெயும்தான். எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றுங்கள் என்பது பொதுவான கணக்கு. முனை ஒடியும்வரை ஊசியை மாற்றாதவர்களே நம்மில் அதிகம்.

எண்ணெய் என்றதும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். அவர் பார்க்கும் 'இறுகிப்போன' மெஷின்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது தேங்காயெண்ணெய். அவசரத்துக்கு வீட்டில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். அது நாளாக ஆகப் பிசினாகி, பஞ்சையும் தூசியையும் சேர்த்துக்கொண்டு கோந்து மாதிரி உட்கார்ந்துவிடும். மார்கழிக் குளிரில் உறைந்தே போகும். அப்படி இறுகிய மெஷினைப் பலத்தால் சுற்றக் கூடாது. ஓட்டைகளில் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் மெல்ல ஆட்டிப் பார்த்து, அழுக்கு கரைந்து வழிந்த பிறகு துடைத்துவிட்டு, நிறமில்லாத மெஷின் ஆயிலை விட வேண்டும். மண்ணெண்ணெயோடு விட்டுவிட்டால் இன்னும் கேடு. அது கழுவும், வழுக்காது.

தினசரி வேலை அதிகமில்லை. தைத்து முடித்ததும் பாபின் கேஸைக் கழற்றிப் பழைய பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டி, ஷட்டில் ஓடும் இடத்தில் ஒரு சொட்டு. வாரம் ஒரு முறை மற்ற ஓட்டைகளில். எண்ணெய் விட்ட கையோடு கஸ்டமரின் பட்டு பிளவுஸை எடுத்தால் அடுத்த தீபாவளிவரை அந்தக் கஸ்டமர் வர மாட்டார். முதலில் ஒரு கந்தல் துணியில் ஓட்டிவிட வேண்டும். ராத்திரி, துணியை அழுத்தும் காலுக்கு அடியில் ஒரு துணித்துண்டை வைத்து இறக்கிவிட்டால் வழியும் எண்ணெயை அது குடித்துக்கொள்ளும்.

முழு சர்வீஸ் எப்போது என்பதில்தான் யோசனை வேண்டும். நம்மவர்கள் ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைக்கிறார்கள். ஏதோ இடித்தால் அன்றைக்குத்தான் கண்ணில் படும். அதற்குப் பிறகு தீபாவளிக்கு இருப்பது மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் மெக்கானிக்கின் போன் எடுபடாது. எடுத்தாலும் கம்பெனிக்காரருக்குத்தான் முதல் மரியாதை. பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன்னாலும் இதே நெரிசல்தான். ஆக, சரியான நேரம் ஆடி மாதம். கல்யாணம் இல்லை, தையல் குறைவு, மெக்கானிக்கும் சும்மா இருப்பார். அவர் சொன்னதும் அதுதான்: "ஆடியில கூப்புடுங்க அம்மிணி. நிதானமாப் பாப்பேன், கூலியும் நியாயமா வாங்குவேன். ஐப்பசியில கூப்புட்டா ரெண்டும் நடக்காதுங்க."

அக்காவுக்கு அவர் நம்பரோடு இன்னொருவர் நம்பரும் கொடுத்தார். தன் பழைய சிஷ்யனாம், அன்னூரில் இருக்கிறானாம். "எனக்கு அறுபத்தி மூணு ஆச்சுங்க. மெஷினுக்கு இன்னும் முப்பது வருஷம் கெடக்குது."

போவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டு டிராயரைத் திறந்தார். காலியாகக் கிடந்த மூன்று வருஷத்துக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு, 'ஷட்டில், பெல்ட், புல் சர்வீஸ்' என்று எழுதினார். பென்சிலை டிராயருக்குள்ளேயே போட்டுவிட்டுப் போனார்.